பழைய மோட்டார் படகுக்கு மறுபடி பெயின்ட்: ஸ்பிரேயா, கையாலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஆறு மீட்டர் நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் மோட்டார் படகு இருக்கிறது. அதற்கு இதுவரை இரண்டு முறை பெயின்ட் ஏறியிருக்கிறது. முதல் முறை ஒரு பட்டறையில் விட்டு ஸ்பிரே அடித்து வாங்கினேன். இரண்டாம் முறை ரோலரும் பிரஷுமாக நானே அடித்தேன். அதன்பிறகு பழைய படகு வைத்திருக்கும் பலர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

படகு வெளுத்துப்போயிருக்கிறது. பெயின்ட் அடித்தே ஆகவேண்டுமா?

அவசரப்படாதீர்கள். ஃபைபர் படகின் மேல்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். புதிதில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். வெயில் பட்டுப்பட்டு அதன் மேற்பரப்பு மட்டும் சுண்ணாம்புபோலப் பொடிந்துபோகிறது. கையால் தடவினால் வெள்ளைப்பொடி ஒட்டுவது அதனால்தான். அடியில் நல்ல ஜெல்கோட் இன்னும் மிச்சம் இருக்கலாம். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். நிறமும் மினுமினுப்பும் திரும்பி வந்தால், படகு முழுவதையும் அப்படியே தேய்த்து மெழுகு போட்டாலே இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

தேய்க்கும்போதே ஃபைபர் இழை தெரிய ஆரம்பித்தாலோ, சிலந்தி வலைபோல முடிவெடிப்புகள் (தலைமுடியளவே மெல்லிய வெடிப்புகள்) பரவியிருந்தாலோ, ஒட்டுப்போட்ட இடங்கள் நிறம் மாறித் திட்டுத்திட்டாக நின்றாலோ பெயின்ட்தான் வழி. ஒருமுறை பெயின்ட் ஏறிவிட்டால் அதன்பின் அந்தப் படகுக்குப் பெயின்ட் வேலைதான் தொடரும். ஆகவே தேய்த்துப் பார்க்க ஒரு நாள் செலவழிப்பது வீண் அல்ல.

சரி, ஸ்பிரேயா கையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

உங்கள் படகு ஒன்றே ஒன்று, வேலையை நீங்களே செய்யப்போகிறீர்கள் என்றால், கையால்தான்.

மூடிய கூடம், கற்றுத் தேர்ந்த ஆள், சரியான சுவாசக் கருவி, சுத்தமான காற்று தரும் கம்ப்ரசர் இவை எல்லாம் இருக்கும் இடத்தில் கொடுக்க முடிந்தால் ஸ்பிரே. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் ஸ்பிரேக்குச் சம்மதிக்கமாட்டேன்.

ஸ்பிரே அடித்தால்தானே கண்ணாடிபோல வரும்?

ஸ்பிரே நன்றாக வந்தால் அதை மிஞ்ச முடியாது, உண்மை. ஆனால் இப்போது கிடைக்கும் படகுப் பெயின்ட்கள் கையால் அடித்தாலும் தானாகப் பரவிச் சமனாகும்படி செய்யப்பட்டவை. ரோலரில் தடவி உடனே பிரஷ் நுனியால் லேசாக இழுத்துவிடும் முறையில் அடித்த படகை மூன்று அடி தள்ளி நின்று பார்த்தால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லிய பிரஷ் கோடுகள் தெரியும். தண்ணீரில் போகும் படகை யாரும் அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்பிரே மேடுபள்ளத்தை மறைக்காது, விளக்குப் போட்டுக் காட்டும். மினுமினுப்பு கூடக்கூட அடியில் இருக்கும் குறை எல்லாம் தெரியும். முப்பது வருஷப் படகின் பக்கவாட்டில் அலையலையாக மேடுபள்ளம் இருந்தால், அதைச் சமன் செய்யாமல் ஸ்பிரே அடிப்பது பணத்தைக் கொடுத்து அந்த அலைகளைக் காட்சிக்கு வைப்பதுதான்.

ஸ்பிரேயின் நிஜமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு மூன்று கோட் (பூச்சு) ஏற்றிவிடலாம். கையால் பெரும்பாலும் நாளைக்கு ஒரு கோட்தான். கைப்பிடிக் கம்பி, வளைவு, மூலைமுடுக்கு நிறைந்த மேல்தளத்தில் ஸ்பிரே சுலபமாகப் புகும். ஆனால் அதற்காக மறைத்து ஒட்டவேண்டிய இடமும் பல மடங்கு. பெயின்ட் புகை காற்றில் மிதந்து பக்கத்துப் படகிலும் காரிலும் போய்ப் படியும். பழைய பாணித் துப்பாக்கியில் பாதிக்கு மேல் பெயின்ட் காற்றோடு போய்விடும். எச்விஎல்பி என்னும் குறைந்த அழுத்தத் துப்பாக்கியில் முனை அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது, அதனால் வீணாவது குறையும்.

என் வீட்டு முற்றத்தில் நானே ஸ்பிரே அடித்தால் என்ன?

படகுக்கு அடிக்கும் உறுதியான பெயின்ட் எல்லாம் பெரும்பாலும் இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் பெயின்ட், இன்னொன்றில் ஹார்டனர். பாலியூரித்தேன் வகையில் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். கையால் அடிக்கும்போது அது திரவமாகப் படகில் ஒட்டிவிடுகிறது. ஸ்பிரேயில் அது நுண்துளியாக மாறி நேராக நுரையீரலுக்குப் போகிறது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு மிகக் குறைந்த அளவே பட்டாலும் ஆஸ்துமாபோல மூச்சு இழுக்கும். அது ஆயுசுக்கும் தொடரலாம். ஐசோசயனேட்டுக்கு வாசனையே தெரியாது என்பதால், கரித்தூள் மாஸ்க் தீர்ந்துபோனால்கூட உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் ஸ்பிரே அடிப்பவர் வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடி போடவேண்டும் என்கிறார்கள். வீட்டு முற்றத்தில் அது இருக்காது. நீங்கள் போட்டுக்கொண்டாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை போட்டுக்கொள்ளாது.

கையால் அடிக்கும்போதும் நல்ல காற்றோட்டம், ஆவிக்கான மாஸ்க், நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். தோல் வழியாகவும் ஒவ்வாமை பிடிக்கும்.

எந்தப் பெயின்ட் வாங்குவது?

ஃபைபர் படகுக்கு: உழைப்பு நீண்ட நாள் நிற்கவேண்டுமானால் இரண்டு டப்பா பாலியூரித்தேன். ஒரே டப்பாவில் வரும் பெயின்ட் சுலபம், தவறை மன்னிக்கும், பின்னால் தொட்டு அடிக்கவும் லகு. ஆனால் சீக்கிரம் மங்கும். சிறிய படகுக்கும், முதல் முறையாக பிரஷ் பிடிப்பவருக்கும் ஒரு டப்பாப் பெயின்ட்டைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

மரப்படகில் கவனம் வேண்டும். பலகை பலகையாக இணைத்த படகில் மரம் நனைந்து உப்பும், காய்ந்து சுருங்கும். இரண்டு டப்பாப் பெயின்ட் இறுகினால் கல்போல நிற்கும், வளைந்து கொடுக்காது. பலகை இடுக்கு ஒவ்வொன்றிலும் வெடிக்கும். அப்படிப்பட்ட படகுக்கு ஒரு டப்பா எனாமல்தான் சரி. ப்ளைவுட்டில் எபாக்ஸி பூசிக் கட்டிய படகு அசையாது, அதற்கு எது வேண்டுமானாலும் அடிக்கலாம்.

அலுமினியப் படகென்றால் தேய்த்த உடனே பிரைமர் ஏறவேண்டும். பளபளவென்று தேய்த்த உலோகத்தில் ஆக்சைடு படலம் திரும்பவும் உருவாக அதிக நேரம் ஆகாது. அதன்மேல் பெயின்ட் பிடிக்காது.

கடையில் கேட்கும்போது மறக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள்: ஸ்பிரேக்கா, பிரஷுக்கா என்று. சில கம்பெனிப் பெயின்ட்டுக்கு ஹார்டனரும் தின்னரும் இரண்டுக்கும் வேறுவேறு. ஸ்பிரே தின்னரைப் பிரஷ் வேலைக்கு ஊற்றினால், அடித்த பூச்சின் ஓரம் காய்வதற்குள் அடுத்த பகுதியைச் சேர்க்க நேரம் கிடைக்காது.

ஏற்கெனவே ஏதோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதன்மேலேயே அடிக்கலாமா?

அடியில் இருப்பது எது என்று முதலில் தெரியவேண்டும். நீங்கள் வாங்கப்போகும் பெயின்ட்டின் தின்னரில் பஞ்சை நனைத்து, பழைய பெயின்ட்டின்மேல் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பத்து, பதினைந்து நிமிஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியோ பிசுபிசுத்தோ போயிருந்தால் அது ஒரு டப்பாப் பெயின்ட். அதன்மேல் இரண்டு டப்பாப் பெயின்ட் அடித்தால் பாயசத்து ஆடைபோலச் சுருங்கித் தூக்கிக்கொண்டு வந்துவிடும். முழுக்கச் சுரண்டி எடுங்கள், அல்லது ஒரு டப்பாப் பெயின்ட்டோடு நில்லுங்கள்.

பிறகு பிடிப்பைச் சோதியுங்கள். பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, சுரீரென்று பிடுங்குங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் பழையது நிற்காது. நிற்காத பெயின்ட்டின்மேல் அடிக்கும் புதுப் பெயின்ட்டும் நிற்காது.

பல பத்தாண்டு பழைய படகானால் அடி அடுக்குகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், அல்லது தூசு உறிஞ்சும் இயந்திரம் மாட்டிய சாண்டரால் தேயுங்கள். அந்தத் தூசு வீட்டுக்குள் வரக்கூடாது.

தேய்ப்பது, துடைப்பது பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

என் முதல் பெயின்ட் ஒரு வருஷத்தில் உரிந்தது. அமரத்துப் பக்கம் (படகின் பின்பக்கம்), கயிறு உரசும் இடத்தில் ஒரு சிறு கொப்புளம். நகத்தால் நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வந்தது, வாழைப்பழத்தோல் உரிவதுபோல. அடியில் இருந்த ஜெல்கோட் வழவழவென்று மின்னியது, உப்புத்தாள் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. விரலால் தடவினால் வழுக்கியது. மெழுகு. பல வருஷமாக நான் போட்ட மெழுகை எடுக்காமலேயே அந்தப் பட்டறையில் பெயின்ட் அடித்திருந்தார்கள். மேலே அடித்த பெயின்ட் உயர்ந்த ரகம், ஸ்பிரேயும் அருமை. உட்கார இடம் இல்லாததால் உரிந்தது.

அதனால் வரிசை இதுதான். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு மெழுகு எடுக்கும் திரவத்தால் துடையுங்கள். தேய்த்த பிறகு அல்ல, தேய்ப்பதற்கு முன். முதலில் உப்புத்தாள் போட்டால் மெழுகு அந்தக் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துடைக்க இரண்டு துணி வேண்டும்: ஒரு கையில் திரவம் நனைத்த துணி, மறு கையில் காய்ந்த துணி. நனைத்தது மெழுகைக் கரைக்கும், அது ஆவியாகுமுன் காய்ந்தது அதை அள்ளி எடுக்கும். ஒரே துணியால் துடைத்தால் மெழுகை இங்கிருந்து அங்கே தடவுகிறீர்கள், அவ்வளவுதான். துணியை அடிக்கடி மாற்றுங்கள். துணிக்கு மென்மை தரும் திரவத்தில் அலசிய பழைய பனியன் வேண்டாம்.

பிறகு தேய்ப்பு. ஜெல்கோட்டை 120 அல்லது 180 எண் உப்புத்தாளால், மினுமினுப்பு முழுதும் போய் மங்கலாகும்வரை தேயுங்கள். மினுங்கும் புள்ளி ஒன்று மிச்சம் இருந்தாலும் அங்கே பிடிப்பு இல்லை என்று அர்த்தம். கடைசிப் பெயின்ட்டுக்கு முன் பிரைமரை 320 எண்ணால் தேயுங்கள்.

முடிந்ததும் பக்கவாட்டில் சுத்தத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம். தாமரை இலைமேல்போல முத்துமுத்தாக உருண்டு பிரிந்தால் மெழுகோ எண்ணெயோ இன்னும் இருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி முதலிலிருந்து.

வெடிப்பும் குழியும் இருக்கின்றன. மேலே பட்டி பூசினால் போதுமா?

முடிவெடிப்பின்மேல் அப்படியே பட்டி பார்த்தால் சில மாதத்தில் அதே கோடு திரும்பிவரும். வெடிப்பை 'வி' வடிவில் கீறித் திறந்து, எபாக்ஸிப் பட்டியால் நிரப்புங்கள். கைப்பிடி, கொக்கி சுற்றி நட்சத்திரம்போல வெடித்திருந்தால் அடியில் ஏதோ வளைகிறது. அந்தப் பொருளைக் கழற்றி உள்ளே பலப்படுத்தாமல் மேலே அழகு பார்த்துப் பயனில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே காருக்குப் போடும் பாலியஸ்டர் பட்டி வேண்டாம், அது ஈரம் குடிக்கும்.

எபாக்ஸி இறுகியதும் மேலே மெழுகுபோல ஒரு பிசுக்கு நிற்கும். அதைத் தின்னரால் துடைத்தால் சரியாகப் போகாது. வெறும் தண்ணீரும் தேய்ப்பு நாருமாகக் கழுவிவிட்டு அப்புறம் உப்புத்தாள் எடுங்கள்.

பிரைமர் அவசியமா?

பட்டி பார்த்த, ஜெல்கோட் தேய்ந்துபோன பழைய படகுக்கு அவசியம். இரண்டு டப்பா எபாக்ஸிப் பிரைமர் இரண்டு கோட்.

எந்த நேரத்தில் அடிப்பது?

நேர் வெயில் படாத, காற்று வீசாத காலை. படகின் பரப்பு பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் அடிப்பீர்கள். மாலையில் அடித்த பாலியூரித்தேன்மேல் இரவுப் பனி இறங்கினால் மினுமினுப்பு செத்துப் பால்போல வெளுக்கும். அடிப்பதற்குமுன் தரையை நனைத்துவிடுங்கள், தூசு எழும்பாது.

கையால் அடிக்கும் முறையை விவரமாகச் சொல்லமுடியுமா?

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ரோலர், ஒருவர் பிரஷ். தனியாகவும் செய்யலாம், ஆனால் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட படகில் தனி ஆள் திணறுவார்.

பெயின்ட்டையும் ஹார்டனரையும் டப்பாவில் போட்ட விகிதப்படி அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். கண்ணளவு கூடாது. மெதுவாகக் கலக்குங்கள், குலுக்கினால் குமிழி வரும். சொல்லியிருக்கும் நேரம் வைத்திருந்து, வடிகட்டியில் வடித்து, ஒரு மணி நேரத்துக்குள் தீரும் அளவை மட்டும் தட்டில் ஊற்றுங்கள். ரோலர் மெல்லிய, தின்னருக்குக் கரையாத நுரை ரோலராக இருக்கவேண்டும். பிரஷ் நல்ல முடி பிரஷ். அதில் இருக்கும் தளர்ந்த முடியை முதல்நாளே டேப்பில் ஒட்டி எடுத்துவிடுங்கள்.

அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, ஆரம்பியுங்கள். ரோலர்காரர் இரண்டு அடி அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை மெல்லிசாகத் தடவுவார். பரப்பு முழுக்கக் கடுகளவு குமிழிகள் நிற்கும். பிரஷ்காரர் உடனே பிரஷ் நுனியை, அதன் எடைகூட அழுத்தாமல், ஒரே ஓட்டமாக இழுத்துவிடுவார். குமிழிகள் உடைந்து, கோடுகள் ஒரு நிமிஷம் தெரிந்து, கண் முன்னாலேயே கரைந்து பரப்பு கண்ணாடியாவதைப் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் மறுபடி தொடக்கூடாது! ஒரு கொசு உட்கார்ந்தாலும் விட்டுவிடுங்கள், காய்ந்தபின் தேய்த்து எடுக்கலாம். ஈரத்தில் நோண்டினால் ஒரு புள்ளி ஒரு சாண் குழப்பமாகும்.

அடுத்த இரண்டு அடியைத் தடவியதும் பிரஷைப் புது இடத்தில் வைத்து, ஈரமாக இருக்கும் பழைய ஓரத்துக்குள் இழுத்துத் தூக்குங்கள். இழுக்கும் திசை மேலிருந்து கீழா, பக்கவாட்டிலா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. எனக்கு மேலிருந்து கீழ் பிடிக்கும், வழிசல் குறைகிறது. எதுவானாலும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே திசை. டீ குடிக்க நிறுத்துவதென்றால் படகின் மூலையில் நிறுத்துங்கள், பக்கவாட்டின் நடுவில் வேண்டாம்.

பிரஷ் இழுக்கிறது, கோடு கரையவில்லை என்றால் பெயின்ட் கெட்டியாகிவிட்டது. பிரஷ் தின்னரைச் சில துளி சேருங்கள். கீழே திரைபோல வழிந்தால் கனமாகத் தடவுகிறீர்கள். மெல்லிய மூன்று கோட் கனமான இரண்டைவிட நன்றாக நிற்கும். கோட்டுக்குக் கோட் 320 அல்லது 400 எண்ணில் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுக்க இறுகுமுன், தன்மேலேயே மடக்கி மெதுவாக உரியுங்கள்.

வட்ட வட்டமாகப் பெயின்ட் ஒட்டாமல் விலகுகிறதே?

மீன்கண் என்பார்கள். சிலிகோன். பக்கத்தில் யாரோ சிலிகோன் ஸ்பிரே அடித்திருப்பார்கள், அல்லது பழைய கொக்கியின் அடியில் சிலிகோன் பசை இருந்திருக்கும். மேலே மேலே அடித்து மூடப் பார்க்காதீர்கள். காயவிட்டு, தேய்த்து, துடைத்து, மறுபடி.

எவ்வளவு பெயின்ட் வாங்கவேண்டும்?

நீர்மட்டத்துக்கு மேலான பக்கவாட்டுக்கு ஒரு கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, நீருக்கு மேல் தெரியும் சராசரி உயரத்தால் பெருக்குங்கள். 7 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம் என்றால் சுமார் 17 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 சதுர மீட்டருக்கு வரும். ஒரு கோட்டுக்கு 1.7 லிட்டர், மூன்று கோட்டுக்கு ஐந்து லிட்டருக்குச் சற்று மேல். ஸ்பிரே என்றால் காற்றில் போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் ஸ்பிரேக்குக் கொடுத்தால் என்ன கேட்கவேண்டும்?

மெழுகை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். தயக்கமில்லாத பதில் வரவேண்டும். கைப்பிடி, விளக்கு, ஓரத்து ரப்பர் எல்லாம் கழற்றி அடிப்பீர்களா, சுற்றி டேப் ஒட்டி அடிப்பீர்களா? டேப் ஓரத்திலிருந்துதான் உரிதல் ஆரம்பிக்கும். எந்தப் பிரைமர், எத்தனை கோட் என்பதை எழுதி வாங்குங்கள். முடிந்தால் பிரைமருக்கு முந்தின நாள் போய்ப் படகை நேரில் பாருங்கள், தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

தேய்ப்பு, பட்டி எல்லாம் நீங்களே முடித்து, கடைசி ஸ்பிரேயை மட்டும் பட்டறையில் கொடுப்பதும் நல்ல வழி. மொத்த உழைப்பில் பெரும்பங்கு தேய்ப்பில்தான் இருக்கிறது.

அதே பெயின்ட்டை அடிப்பாகத்துக்கும் அடிக்கலாமா?

கூடாது. பக்கவாட்டுப் பாலியூரித்தேன் எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருந்தால் கொப்பளிக்கும். தண்ணீரிலேயே நிற்கும் படகின் அடிப்பாகத்துக்குப் பாசியும் சிப்பியும் ஒட்டாத தனிப் பெயின்ட் உண்டு. ஓட்டிவிட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் படகுக்கு அது தேவைப்படாமலே போகலாம். அலுமினியப் படகில் தாமிரம் கலந்த அடிப்பெயின்ட் அடித்தால் உலோகமே அரித்துப்போகும். படகின் உலோகம் அரிக்காமல் காக்க நீருக்கடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகள்மேல் எந்தப் பெயின்ட்டும் படக்கூடாது. பெயின்ட் மூடினால் அவை வேலை செய்யாது.

பழைய அடிப்பெயின்ட்டை ஒருபோதும் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், அது விஷம். டிபிடி என்னும் தகரச் சேர்மம் கலந்த பெயின்ட்டைத் தடைசெய்யும் சர்வதேச ஒப்பந்தம் 2001-ல் எழுதப்பட்டு 2008-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகள் உங்கள் படகில் இன்னும் இருக்கலாம்.

கருநீலம் அடிக்க ஆசை. சரியா?

அழகுதான். ஆனால் வெயிலில் அடர்நிறம் மிகவும் சூடாகும். அந்தச் சூட்டில் அடியிலுள்ள ஃபைபர் நெசவு மேலே அச்சுப்போலத் தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு குறையும், ஒவ்வொரு கீறலும் கண்ணில் படும். பழைய படகுக்கு வெள்ளை, தந்தநிறம், வெளிர்சாம்பல் பொருத்தம். ஆசையைத் தீர்க்க நீர்மட்டக் கோட்டைக் கருநீலத்தில் போடுங்கள்.

எப்போது தண்ணீரில் இறக்கலாம்?

தொட்டால் ஒட்டாமல் காய்வது ஒரு நாளில். உள்வரை இறுக ஒரு வாரமாவது விடுங்கள். அதற்குள் கயிறும் தடுப்பு ரப்பரும் உரசினால் தடம் விழும். முதல் சில வாரம் சோப்புத் தண்ணீர் மட்டும், மெழுகு வேண்டாம். ரப்பிங் காம்பவுண்ட் போடலாமா என்பதை டப்பாவில் பாருங்கள். சில பாலியூரித்தேன்களைத் தேய்த்தால் மேலுள்ள மினுமினுப்புத் தோலே போய்விடும்.

மிச்சப் பெயின்ட்டையும் ஹார்டனரையும் கலக்காமல், இறுக மூடி, நிற எண்ணும் தேதியும் மூடிமேல் எழுதி வையுங்கள். படகுத்துறையில் முதல் கீறல் விழும்போது தேடவேண்டியிருக்காது.